யானையை 'ஆ'வில் வைக்கும் பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022இல் வந்ததிலிருந்து ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அட்டை விளையாட்டுகளின் பேச்சாகவே இருக்கிறது. படத்தை அதன் முதலெழுத்தோடு ஜோடி சேர்க்கும் எழுத்துப் படப்புதிர்கள் கடைகளிலும் விற்கின்றன. நல்லதுதான். ஆனால் படம் தேர்ந்தெடுப்பவர்கள் ஏட்டுத் தமிழை மட்டுமே பார்க்கிறார்கள்.

இலைப் படத்தைக் காட்டினால் ஐந்து வயதுப் பிள்ளை 'எலை' என்கிறது. உரல் 'ஒரல்', குடை 'கொடை', குரங்கு 'கொரங்கு', நிலா 'நெலா'. முதலெழுத்தில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்த எழுத்து அ, ஆ, ஐ ஓசையில் வந்தால், பேச்சில் இ எகரமாகும், உ ஒகரமாகும். நடுவில் புள்ளியெழுத்து நின்றால் இந்த மாற்றம் இல்லை: முட்டை, சிங்கம். யானையோ பல வீடுகளில் 'ஆனை'தான்.

ஆகவே இலையை 'எ' கட்டத்தில் வைக்கும் பிள்ளையின் காதில் குறையில்லை. அதைத் தவறென்று சொன்னால், ஓசையை விட்டுவிட்டுப் படத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடும். முதல் சுற்றுக்கு இஞ்சி, உண்டியல், குருவி, முட்டை, புலி போதும். 'யா'வுக்குப் பிள்ளைகள் அறிந்த வேறு படம் கிடைப்பது அரிது. அதைக் கடைசிக்குத் தள்ளலாம். எழுத்துகள் பிடிபட்டபின் இலையையும் குடையையும் கொண்டுவந்து, பேசுவது இப்படி, எழுதுவது இப்படி என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாம்.

அட்டையை வெட்டுவதிலும் ஒரு கோளாறு. ஒவ்வொரு ஜோடிக்கும் தனி வளைவு இருந்தால் பிள்ளை விளிம்பைப் பார்த்தே சேர்த்துவிடும், எழுத்தைப் பார்க்காது. எல்லாவற்றையும் ஒரே அளவில், நேர்கோட்டில் வெட்டுங்கள். ஒரு தடவைக்கு ஆறு ஜோடிக்கு மேல் வேண்டாம். சொற்புதிர் என்றால் குருவிப் படத்தை மூன்று பட்டைகளாக்கி அடியில் கு, ரு, வி எழுதலாம். முதலில் படத்தோடு அடுக்கட்டும். அடுத்த முறை படப் பகுதியைப் பின்னால் மடித்துவிட்டு எழுத்தை மட்டும் வைத்து அடுக்கவேண்டும். இந்த இரண்டாவது முறையில்தான் வாசிப்பே நடக்கிறது, பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான்.

கொம்பையும் துணைக்காலையும் தனித் துண்டாக வெட்டக்கூடாது. 'செ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இருபுறமும். தனியே கிடக்கும் துணைக்கால் பிள்ளை கண்ணுக்கு 'ர'தான்.

அச்சுக்குப் போகும்முன் படங்களை எழுத்தில்லாமல் பத்துப் பிள்ளைகளிடம் காட்டி 'இது என்ன?' என்று கேளுங்கள். படகைக் 'கப்பல்' என்றும் ஐவர் படத்தை 'ஆளுங்க' என்றும் இரண்டு பேர் சொன்னாலே அந்தப் படம் ஆகாது.

- தொடக்கப்பள்ளி ஆசிரியைகள், மன்னார்குடி