தைப்பட்ட வீட்டுத்தோட்டம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொங்கல் கழிந்த கையோடு வீட்டுத்தோட்டத்துக்கு விதையும் நாற்றும் கேட்டு எங்கள் கடைக்கு வருவோரின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. அவர்களில் பலர் முதலில் கேட்பது கொடியவரை விதை; நாங்கள் இல்லை என்கிறோம். மாசி பாதியைத் தாண்டித் தக்காளி நாற்றுக் கேட்போருக்கும் அதே பதில்தான். விதையை உள்ளே வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்வதாகச் சிலருக்கு மனக்குறை உண்டு என்பதை அறிவோம். கூட்ட நேரத்தில் கல்லாவுக்கு முன் நின்று காரணத்தை விளக்க முடிவதில்லை என்பதால் அதை எழுத்தில் தருகிறோம்.

கொடியவரை, பகல் குறுகி இரவு நீளும் பருவத்தில் மட்டுமே பூக்கும் இயல்புடையது. ஆடியில் ஊன்றிய விதை மழைக்காலம் முழுவதும் கொடியாக ஓடி, ஐப்பசி கார்த்திகையில் பூவெடுத்து, மார்கழியிலும் தையிலும் காய்த்துத் தள்ளுகிறது. கேழ்வரகுக் கொல்லையில் ஊடுபயிராக அவரை இனமான மொச்சையை விதைக்கும் நம் பகுதி உழவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 12 டிகிரி வட அட்சரேகையை ஒட்டிய தர்மபுரியில் ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறும்பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேர வேறுபாடுகூட இல்லை. அந்தச் சிறு வேறுபாட்டையும் அவரைக்கொடி அறிந்துகொள்கிறது. ஆகவே பக்கத்து வீட்டுப் பந்தலில் காய் தொங்குவதைப் பார்த்துவிட்டு இப்போது விதை ஊன்றினால், பந்தல் நிறைய இலை அடைத்து நிற்கும், இளந்தளிரில் அசுவினிப் பூச்சி வந்து அப்பும், பூ மட்டும் அடுத்த ஐப்பசிக்கு முன் வராது. அத்தனை மாதம் தண்ணீர் ஊற்றிய பிறகு விதை சரியில்லை என்ற பழி எங்கள் மேல்தான் விழும். அவரை வேண்டும் என்போர் குத்தவரை எனப்படும் செடியவரையைக் கேளுங்கள். வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடியவரை இரகங்கள் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூப்பவை. அவற்றுக்குப் பந்தலும் வேண்டாம்.

தக்காளிக்குத் தடையாக இருப்பது பகலின் நீளமன்று, வெயில். விதைத்து ஏறத்தாழ 25 நாளில் நாற்று நடவுக்கு வரும்; நட்டு நான்கு வாரத்தில் பூக்கத் தொடங்கும்; அதன் பின் பழம் சிவக்க மேலும் ஐந்து வாரமாவது ஆகும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாதபோது மகரந்தம் வீரியம் இழந்து, பூக்கள் காம்போடு உதிர்ந்துவிடுகின்றன. தை முடிவில் நட்ட நாற்று மாசிக் கடைசியில் பூத்துவிடும். பங்குனி வெயில் ஏறுவதற்குள் முதல் கொத்துகளில் பிஞ்சு பிடித்துவிடும். மாசிக் கடைசியில் நட்டதோ பங்குனி முடிவில்தான் பூவுக்கு வரும். அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. தோட்டக்கால், சொட்டுநீர், நிழல்வலை என்று வசதியுள்ள உழவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். மொட்டை மாடியில் பத்துப் பை வைத்திருப்பவரால் அது முடியாது. பாலக்கோட்டு மண்டியில் தக்காளி விலை ஏறிய வாரத்தில்தான் பலருக்கு வீட்டில் தக்காளி வைக்கும் எண்ணமே வருகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் அன்று நடும் நாற்று பழம் தருவதற்குள் விலையும் இறங்கியிருக்கும், பருவமும் போயிருக்கும்.

இதனால் நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்றே: விதைக்கும் நாளைப் பார்க்காமல், பூக்கும் நாள் எந்த மாதத்தில் வருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பயிரைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கணக்கில் தைப்பட்டத்துக்கு மிகவும் ஏற்றவை சுரை, பீர்க்கு, பாகல், புடலை, பூசணி, வெள்ளரி ஆகிய கொடிக்காய்கள். இவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாக வரும். பகல் குறுகி இரவு குளிர்ந்திருக்கும் நாள்களில் பெண்பூக்கள் கூடுதலாகவும், வெயில் ஏற ஏற ஆண்பூக்கள் கூடுதலாகவும் தோன்றும். சித்திரையில் விதைத்துவிட்டு, கொடி நிறையப் பூ இருந்தும் காய் இல்லையே என்று வருந்துவோர் பூவைத் திருப்பிப் பார்த்தால், காம்பில் பிஞ்சு இல்லாத ஆண்பூக்களே பெரும்பாலும் இருக்கக் காண்பார்கள்.

அதற்காகத் தை பிறந்த அன்றே எல்லோரும் விதைத்துவிட வேண்டும் என்பதில்லை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். குளிர்ந்த மண்ணில் பாகலும் புடலையும் முளைக்க மனம் வைப்பதில்லை, ஈரத்தில் கிடந்து அழுகியும் போகும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தவர் தை நடுவிலேயே ஊன்றலாம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை போன்ற மேட்டுப்பகுதியில் இருப்போர் இரண்டு மூன்று வாரம் பொறுத்து மாசியில் தொடங்குவது நல்லது. அதுவரை அங்கே முள்ளங்கி, பீட்ரூட், பீன்ஸ் ஆகியவற்றைப் போடலாம். பாகல், புடலை விதைகளின் ஓடு தடிப்பானது என்பதால் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, வெண்முளை தலைகாட்டிய பின் ஊன்றினால் எது முளைக்கும், எது முளைக்காது என்பது முன்பே தெரிந்துவிடும்.

மாடித்தோட்டத்துக்குத் தேனீ போதிய அளவு வராவிட்டால் மகரந்தத்தை நீங்களே சேர்க்க வேண்டியிருக்கும். பூசணிப்பூ விடியலில் மலர்ந்து வெயில் ஏறுமுன் கூம்பிவிடும். பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்பவை. அந்தந்த நேரத்தில் ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் பொடியைப் பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவினால் போதும். பிஞ்சு பிடித்ததும் காகிதத்தாலோ மெல்லிய துணியாலோ உறையிட்டுவிடுங்கள். பழ ஈ துளையிட்டு முட்டை வைத்த பிறகு எந்த மருந்தும் அந்தக் காயைக் காப்பாற்றாது. துளை விழுந்து உதிர்ந்த காய்களைச் செடியடியில் விட்டுவைத்தால் அடுத்த ஈக்கூட்டம் அங்கிருந்தே கிளம்பும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

வெண்டை, கொத்தவரை, காராமணி மூன்றும் வெயிலுக்கு அஞ்சாதவை. மாசி முழுவதும் விதைக்கலாம். வெண்டையில் மட்டும் நரம்பு மஞ்சளித்து இலை முழுவதும் வெளிறும் நோயைக் கவனிக்க வேண்டும். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரியால் வருவது அது; நோய் கண்ட செடியை அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கீரைக்குக் காலமே பார்க்க வேண்டாம். விதையோடு மணலைக் கலந்து தூவினால் மூன்று நான்கு வாரத்தில் அறுக்கலாம்.

தொட்டியோ பாத்தியோ, செம்மண்ணோடு மட்கிய தொழுவுரமும் சிறிது வேப்பம்புண்ணாக்கும் கலந்தால் போதும். மட்காத சாணத்தைப் போடுவது கரையானுக்கு வைக்கும் விருந்து. நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் நீர் உப்பாக இருப்பதால் தொட்டி மண்ணின் மேல் வெண்படலம் படியக் காண்பீர்கள். அடிக்கடி சிறிது சிறிதாகத் தெளிப்பதைவிட, அடித்துளை வழியே நீர் வடியும்வரை ஊற்றிப் பின் இடைவெளி விடுவதே உப்பைக் கழுவி வெளியேற்றும். மேல்மண்ணைக் கேழ்வரகுத் தாளாலோ நிலக்கடலைத் தோலாலோ மூடிவையுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு உள்ளவர்களுக்குச் சருகு காசில்லாமல் கிடைக்கும். மாவிலை எளிதில் மட்காது என்பதால் கோடை முழுவதும் மூடாக்காக நிற்கும்.

விதைப் பொட்டலத்தைப் பற்றியும் சிலவற்றைத் தெரிவிக்க வேண்டியுள்ளது. இளஞ்சிவப்பு, நீல நிறங்களில் இருக்கும் விதைகள் பூஞ்சாணக்கொல்லி பூசப்பட்டவை. அவற்றைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், தொட்ட கையைக் கழுவுங்கள், மிஞ்சியதைச் சமையலுக்கோ கோழிக்கோ போட்டுவிடாதீர்கள். பொட்டலத்தில் அச்சிட்டுள்ள முளைப்புத்திறன், தரநிர்ணயப்படி தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தது 70 விழுக்காடும், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 விழுக்காடும் இருக்க வேண்டும். அதாவது பத்து மிளகாய் விதை போட்டு ஆறு முளைத்தாலும் அது தரமான விதைதான். அந்த அளவுக்கும் கீழே போனால் பொட்டலத்தையும் பில்லையும் எடுத்து வாருங்கள், மாற்றித் தருகிறோம். வீரிய ஒட்டு இரகத்தின் காயிலிருந்து எடுத்த விதை அடுத்த முறை தாய்ச்செடியைப் போல வராது. விதை சேமிக்க விரும்புவோர் பி.கே.எம். 1 தக்காளி போன்ற, ஒட்டு அல்லாத இரகங்களைக் கேட்டு வாங்குங்கள்.

குழித்தட்டில் வளர்த்த தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகள் தை இரண்டாம் வாரத்திலிருந்து கிடைக்கும். தக்காளி நாற்றை மாசி 15-ஆம் தேதியோடு நிறுத்திக்கொள்கிறோம். கத்தரியும் மிளகாயும் மாசி முடிய இருக்கும். இருபதுக்கு மேல் நாற்று வேண்டுவோர் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவைப்பது நல்லது. மாலை 4 மணிக்கு மேல் வந்து வாங்கிப் போய், வெயில் தாழ்ந்ததும் அன்றே நட்டுவிடுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் நிழலில் வைத்து வேர்க்கட்டி காயாமல் நீர் தெளியுங்கள். வரும்போது ஒரு கூடையோ அட்டைப்பெட்டியோ கொண்டு வந்தால், பிளாஸ்டிக் பையில் நசுங்காமல் நாற்று வீடு வந்து சேரும்.

இங்ஙனம்,
விதைக்கடையினர்,
தர்மபுரி.