தையல் அக்காவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். படியேறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. உங்களில் பாதிப்பேர் அதற்குள்ளேயே நின்றவர்கள், மீதிப்பேர் நாள் தவறாமல் விசாரித்தவர்கள். உடம்பு முழுசாகத் தேறட்டும், அப்புறம் நிதானமாக எழுதலாம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மனசு நிறைந்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனாலும் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். எங்கள் தெருவில் துணி தைக்கும் அக்கா அவர். எனக்கும் அவருக்கும் இதுவரை துணி கொடுத்து வாங்குகிற பழக்கம் மட்டும்தான். எங்கள் கஷ்டத்தில் அவர் வந்து நிற்பார் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

என் மகனுக்கு 15 வயது. ஆட்டிசமும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்து இருக்கின்றன. டி-ஷர்ட் தானே போட்டுக்கொள்வான், முன்பக்கம் பின்பக்கம் மாறிப்போகும், அவ்வளவுதான். பொத்தான் வைத்த பள்ளிச் சட்டை மட்டும் என் கையால்தான் போட வேண்டும். நான் இல்லாதபோது என் தங்கை வந்து தங்கிப் பார்த்துக்கொண்டாள். சித்தி என்றால் அவனுக்கு உயிர். ஆனாலும் சட்டைப் பொத்தானில் அவள் கை வைத்தால் விடவில்லை. அது அம்மா செய்கிற வேலை. எந்த வேலையை யார் செய்வது, எங்கே நின்று செய்வது, எந்த வரிசையில் செய்வது எல்லாமே அவனுக்கு அந்த வேலையோடு சேர்ந்தே பதிந்திருக்கிறது. காலையில் பள்ளி வண்டி வந்து நிற்கும், இவன் திறந்த சட்டையோடு கதவைப் பிடித்துக்கொண்டு அழுவானாம். என் காதுக்கு இது வராமல் தங்கை பார்த்துக்கொண்டாள். அதற்கே அவளுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

பொத்தான் பிய்ந்த சட்டைகளை அவள் அக்காவிடம் தைக்கக் கொடுத்தாள். சட்டையைக் கையில் வாங்கியதும் அவர் பொத்தான் நுழைகிற காஜாவைத்தான் பார்த்திருக்கிறார். ஓரமெல்லாம் இழுபட்டு நூல் பிரிந்து கிடந்தது. “இது தேஞ்சு கிழிஞ்சதில்ல, இழுத்துக் கிழிஞ்சது. யாரும்மா இப்படி இழுக்குறது?” என்று கேட்டிருக்கிறார். தங்கை விஷயத்தைச் சொன்னாள். இந்த மாதிரிப் பிள்ளையைப் பற்றிச் சொன்னதும் முகத்தில் ஓர் இரக்கம் வருமே, நம் எல்லோருக்கும் பழக்கமான அந்த முகம், அது வரவில்லையாம். “பொத்தான் போடுறப்ப எந்த இடத்துல மாட்டுது?” என்று மட்டும் கேட்டாராம்.

அன்று சாயங்காலம் தைக்க வேண்டிய துணியையும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். புது ஆள் வந்தால் என் மகன் அறைக்குள் போய்விடுவான் என்று தங்கை முன்னாலேயே சொல்லியிருந்தாள். அதனால் அக்கா கூடத்தின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, அவனைப் பார்க்காமல், பேச்சுக் கொடுக்காமல், ஊசியும் நூலுமாகத் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் இவனே பக்கத்தில் வந்து நூல்கண்டைத் தொட்டுப் பார்த்தான். அப்போது சட்டையை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தார். இவன் எடுத்து மாட்டிக்கொண்டு பொத்தானோடு மல்லுக்கட்டினான். அவர் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் கண்டுபிடித்துச் சொன்னதைத் தங்கை அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னாள். பொத்தான் துணியோடு ஒட்டித் தைத்திருக்கிறது, அதனால் அவன் விரலுக்கு அடியில் பிடி கிடைக்கவில்லை. காஜா விறைப்பாகவும் சின்னதாகவும் இருக்கிறது. அவன் கழுத்துப் பொத்தானிலிருந்து தொடங்குகிறான், ஆனால் அது அவன் கண்ணுக்கே தெரியாத இடம். தொடங்கும்போதே ஓர் ஓட்டை தள்ளிப் போட்டுவிட்டால் கடைசியில் ஒரு பக்கம் தொங்கும், அதைப் பார்த்ததும் கோபம் வந்து மொத்தத்தையும் இழுத்துவிடுகிறான்.

மறுநாள் சட்டைகள் திரும்பி வந்தன. பழைய பொத்தான்களை எடுத்துவிட்டு, ஓரம் தடித்த கொஞ்சம் பெரிய பொத்தான்களை வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் அடியில் நூலைப் பலமுறை சுற்றிக் கழுத்து மாதிரி வைத்து, பொத்தான் துணியைவிட்டு எழும்பி நிற்கும்படி தைத்திருந்தார். காஜாவை நீளமாக வெட்டி ஓரத்தைப் புதிதாகக் கட்டியிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே உள்ள பொத்தானையும் அதற்கு நேரான காஜாவையும் மட்டும் நீல நூலால் தைத்திருந்தார். அவனுக்கு நீலம் பிடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அன்று நூல்கண்டுகளில் அவன் எதைத் தொட்டான் என்று பார்த்து வைத்திருக்கிறார். டி-ஷர்ட்டுகளையும் கேட்டு வாங்கி, பின்கழுத்தின் உள்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும்படி ஒரு நாடாத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தார். கூலி என்று தங்கை பேச்செடுத்தபோது, “முதல்ல பையன் போடட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதில் நான் அதிசயப்படுவது ஒன்று இருக்கிறது. நம் சிறப்பாசிரியர்கள் பயிற்சியில் கற்றுக்கொண்டு வருவதை, அதாவது ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துப் பார், எந்தப் படியில் பிள்ளை நிற்கிறது என்று கண்டுபிடி, அந்தப் படியை மட்டும் மாற்று என்பதை, அக்கா ஊசி பிடித்த அனுபவத்திலேயே செய்திருக்கிறார்.

அங்கிருந்து அவன் பள்ளி டீச்சர் பிடித்துக்கொண்டார். தினமும் மாலையில் தங்கையைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வரும் முறை அது. தங்கை நீலப் பொத்தானைக் காஜாவுக்குள் பாதி தள்ளிவிடுவாள், வெளியே இழுப்பது மட்டும் அவன் வேலை. அது கைவந்ததும் தள்ளுவதும் அவனுடையது. பிறகு அடுத்த பொத்தான். எந்தக் கட்டத்தில் இருந்தாலும் வேலையை முடிப்பது அவன் கைதான். ‘ஆச்சு’ என்கிற நிறைவு ஒவ்வொரு நாளும் அவனுக்குக் கிடைத்துவிடும். டீச்சர் இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னார்: வாயைத் திறக்காதீர்கள். நின்றுவிட்டால் முழங்கையை லேசாகத் தொடுங்கள், போதும். ‘ம், அடுத்தது’ என்று சொல்லிப் பழக்கினால் அந்தச் சொல்லுக்காகவே அவன் காத்து நிற்பான், அதை விலக்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்றார். என் தங்கை எவ்வளவு பேசுகிறவள் என்று உங்களுக்குத் தெரியும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது அவனுக்காக.

நான் படுக்கையில் இருந்தபோது ஒரு வீடியோ வந்தது. பேச்சே இல்லை. அவன் நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, கட்டைவிரலால் நீலப் பொத்தானைத் தள்ளுகிறான். அது பாதியில் நிற்கிறது. கையை எடுத்துவிட்டு யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறான். யாரும் வரவில்லை. மறுபடி குனிந்து இந்தப் பக்கம் விரல்நுனியால் பிடித்து இழுக்கிறான். வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை, கைதட்டவில்லை, அடுத்த பொத்தானுக்குப் போய்விட்டான். நான்தான் அழுதேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் பயந்துபோய் ஓடி வந்தார். அவருக்கும் அந்த வீடியோவைக் காட்டினேன்.

பள்ளியில் பொத்தான் சட்டகம் இருக்கிறது. மரச் சட்டத்தில் துணி கட்டி நடுவில் பொத்தான் வைத்தது. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்குவதற்கு முன், அறிவுவளர்ச்சியில் பின்தங்கியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடுதான் வேலை பார்த்தார் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். இன்று பல மழலைப் பள்ளிகளிலும் பெருமையாகக் காட்டப்படும் அந்த முறைக்கு வேர் நம் பிள்ளைகள் மாதிரியான குழந்தைகளிடம் இருக்கிறது. என் மகன் அந்தச் சட்டகத்தில் நன்றாகவே போடுவான். ஆனால் மேசைமேல் நேராகக் கிடக்கும் துணி வேறு, தன் உடம்பின்மேல் குனிந்து பார்த்துப் போடுவது வேறு. பள்ளியில் வந்தது வீட்டில் வராது, அம்மாவிடம் வந்தது சித்தியிடம் வராது. இந்தப் பாலத்தை ஒவ்வொரு முறையும் யாராவது புதிதாகக் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த முறை கட்டியவர் அக்கா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பொத்தான் போடவும் பல் தேய்க்கவும் சொல்லிக்கொடுப்பதற்கா பள்ளிக்கூடம் என்று கேட்பவர்கள் நம் உறவுகளிலேயே இருக்கிறார்கள். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் உடன்படிக்கையில் கல்வி பற்றிய 24-ஆவது பிரிவிலேயே, வாழ்க்கைத் திறன்களையும் சமூகத் திறன்களையும் கற்க வழிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. இது கல்வியின் ஒரு பகுதி, நம் பிள்ளைகளுக்கு உள்ள உரிமை. எழுத்தும் கணக்கும் முடியாததால் கொடுக்கிற மாற்று ஏற்பாடு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நாள்களில் என் வீட்டைத் தாங்கியது அவன் கற்றிருந்த இந்தச் சின்ன வேலைகள்தான். குளியலறைச் சுவரில் ஒட்டிய படங்களின் வரிசையைப் பார்த்துத் தானே குளித்தான். தன் தட்டைத் தானே கழுவி வைத்தான். குளிக்கும்போது கதவைச் சாத்த வேண்டும், இன்னார் தவிர யாரும் உடம்பைத் தொடக் கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வீடு முழுக்க ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய காவல் என்று பெற்றவர்களுக்குப் புரியும்.

இதையெல்லாம் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்த டீச்சர்களுக்கும் தெரபிஸ்டுக்கும், அவன் சட்டையைத் திறந்துபோட்டு நின்ற காலைகளில் ஹாரன் அடிக்காமல் நின்ற வண்டி ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும், ராத்திரியில் மாறி மாறி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த அண்ணன்களுக்கும், ரத்தம் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கும், அவன் வழக்கம் மாறக் கூடாது என்று அதே நேரத்தில் அதே பாதையில் அவனை நடக்க அழைத்துப்போன பக்கத்து வீட்டு மாமாவுக்கும், ஒரு நாள்கூட முகம் சுளிக்காத என் கணவருக்கும், தம்பிக்காகத் தன் தேர்வுப் படிப்பைக் குளியலறை வாசலில் உட்கார்ந்து படித்த என் மகளுக்கும் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் என் உடம்பை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீல நூல் ஆயுசுக்கும் வேண்டியிருக்குமா என்று ஒருவர் கேட்டார். இருந்தால் இருக்கட்டும். சட்டையை அவனே போடுகிறான்.

நமக்குப் பிறகு யார் என்கிற கேள்வி நம் எல்லோர் வீட்டிலும் விளக்கணைத்த பிறகு வருவதுதான். எனக்கு இந்த முறை அது மிகப் பக்கத்தில் வந்துவிட்டுப் போனது. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. இனி ஒவ்வொரு வேலையிலும் அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று பார்த்து, அந்த இடத்தைச் சரிசெய்வேன். இது நான் எனக்கே கொடுத்துக்கொண்ட வாக்கு. மீசை அரும்பிவிட்டது, அடுத்து மின்சார ரேசரில் முகச்சவரம். முதலில் அதை அணைத்தபடியே கன்னத்தில் வைத்துப் பழக்கச் சொல்லியிருக்கிறார் டீச்சர், சத்தமும் அதிர்வும் அப்புறம்.

அக்காவிடம் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினேன். ஜிப் இழுக்க முடியாதவர்கள், கொக்கி போட வராதவர்கள், ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர்கள், மாதவிலக்கு நாள்களில் உடை மாற்றத் திணறும் பெண் பிள்ளைகள், எல்லோரையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். நூலும் பொத்தானும் நாடாவும் நான் வாங்கி வைக்கிறேன், கூலியை எல்லோருமாகப் பகிர்ந்து கொடுத்துவிடலாம். இந்த முறை அவரை மறுக்க விடக் கூடாது. துணியை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள், பிள்ளையையும் அழைத்து வாருங்கள். கையைப் பார்க்காமல் தைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.