விலைக்கு விற்கும் பதுங்குமிடங்கள் யாரைக் காக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உலகம் அழியும் நாளை எதிர்பார்த்து அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் செல்வந்தர்கள் கட்டிவரும் நிலத்தடி வீடுகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விவரங்கள் நிறைந்த கட்டுரை அது. ஆனால் அவ்வீடுகளை முன்யோசனைக்கு எடுத்துக்காட்டு என்று அது புகழ்ந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பேரிடர்க் காலத்தில் மனிதரைக் காப்பது சுவரின் கனமும் இருப்பிடத்தின் தனிமையும்தான் என்ற நம்பிக்கையே தவறானது என்று கருதுகிறேன். இது பணம் படைத்தவர்களின் தனிப்பட்ட விருப்பம் என்று விட்டுவிடக்கூடிய விடயமும் அல்ல.

கட்டுரை முதலில் காட்டிய கான்சாஸ் மாநிலத்துக் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். 1960களின் தொடக்கத்தில் அட்லஸ் எஃப் என்னும் அணுவாயுத ஏவுகணையை நிறுத்திவைப்பதற்காக அமெரிக்க விமானப்படை மண்ணுக்குள் அமைத்த கொங்கிறீட் கிணறு அது. சில ஆண்டுகளிலேயே, 1965இல், அவ்வகை ஏவுகணைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. கைவிடப்பட்டுக் கிடந்த அக்கிணற்றை 2008இல் லாரி ஹால் என்பவர் வாங்கி, ஏறத்தாழ 200 அடி ஆழத்துக்கு 15 தளங்கள் அமைத்து, 75 பேர்வரை வாழக்கூடிய தொடர்மனையாக மாற்றினார். ஒரு முழுத் தளம் 3 மில்லியன் டொலர் என்றும் அரைத் தளம் அதில் பாதி என்றும் விளம்பரம் செய்யப்பட்டது. நீச்சல் குளம், திரையரங்கு, மீன் வளர்க்கும் தொட்டிகள் ஆகியவை அங்கே உண்டு. சன்னல் இருக்கவேண்டிய இடங்களில், மேலேயுள்ள புல்வெளியைப் படம்பிடித்துக் காட்டும் மின்திரைகள் பொருத்தப்பட்டுள்ளன. நெருக்கடி வந்தால் 400 மைல் தொலைவுக்குள் இருக்கும் உரிமையாளரைக் கவச வாகனத்தில் அழைத்துவரும் ஏற்பாடும் உண்டு என்கிறார்கள்.

அந்த 400 மைல் என்ற எண்ணைக் கட்டுரையாளர் சற்றே நின்று யோசித்திருக்க வேண்டும். நியூயோர்க்கிலிருந்தோ கலிபோர்னியாவிலிருந்தோ கான்சாஸுக்கு ஆயிரம் மைலுக்கு மேல். அவ்விடங்களில் தொழில் செய்யும் ஒருவர் அந்த வட்டத்துக்குள் வந்து சேர வேண்டுமானால், விமானம் பறக்க வேண்டும், அதற்கு எரிபொருள் நிரப்ப ஆட்கள் வேலைக்கு வந்திருக்க வேண்டும், விமானி தன் பிள்ளைகளை விட்டுவிட்டு இவரை ஏற்றிச்செல்ல இணங்க வேண்டும், தொலைபேசி இயங்க வேண்டும், வீதிகள் திறந்திருக்க வேண்டும். சமூகம் குலைந்துபோகும் நாளுக்கென்று வாங்கிய வீட்டைச் சமூகம் குலையாமல் இருந்தால்தான் சென்றடைய முடியும் என்றால், அந்தப் பல மில்லியன் டொலர் எதற்காகக் கொடுக்கப்பட்டது?

சென்றடைந்தாலும் உள்ளே வாழ முடியுமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஊகம் தேவையில்லை; ஒரு பரிசோதனையே நடந்திருக்கிறது. அரிசோனா மாநிலத்தில் பயோஸ்பியர் 2 என்ற பெயரில், மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகமான பரப்பில் வயலும் சிறு காடும் குட்டிக் கடலுமாக ஒரு கண்ணாடிக் கட்டடம் எழுப்பப்பட்டு, 1991 செப்டெம்பரில் எட்டுப் பேர் அதற்குள் சென்று கதவை மூடிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் வெளியுலகின் உதவியின்றி வாழ்வது திட்டம். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள்; விரும்பிச் சென்றவர்கள்; வெளியே போர் இல்லை, கொள்ளைநோய் இல்லை. ஆயினும் உள்ளே சென்ற சில நாட்களில் ஒருவருடைய விரல் நுனி நெல் பிரிக்கும் இயந்திரத்தில் துண்டிக்கப்பட்டு, அறுவைச் சிகிச்சைக்காக அவர் வெளியே கொண்டுசெல்லப்பட்டார். விளைச்சல் போதாமல் எட்டுப் பேரும் மெலிந்தார்கள். காற்றில் 20.9 விழுக்காடாக இருந்த ஒட்சிசன், பதினாறு மாதங்களில் 14 விழுக்காட்டை ஒட்டிய அளவுக்கு இறங்கிற்று. வளம் மிகுந்த மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஒட்சிசனை உட்கொண்டு காபனீரொட்சைட்டை வெளிவிட்டன. அந்த வாயுவைக் கட்டடத்தின் கொங்கிறீட்டே உறிஞ்சிக்கொண்டதால் செடிகள் அதை மீண்டும் ஒட்சிசனாக மாற்ற வழியில்லாமல் போயிற்று. அக்காலத்தின் திறமையான பொறியியலாளர்கள் வரைந்த திட்டத்தில் சுவர் இப்படிக் காற்றைக் குடிக்கும் என்பதை எவரும் முன்கூட்டிக் கணக்கிடவில்லை. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஒட்சிசன் செலுத்திய பிறகே உள்ளிருந்தவர்கள் சிரமமின்றி மூச்சுவிட்டார்கள். எட்டுப் பேரும் நால்வர் நால்வராகப் பிரிந்து, ஒரு தரப்பு மறுதரப்போடு பேசுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கே விரல் தைக்க மருத்துவமனை இருந்தது; ஒட்சிசன் கொண்டுவர வண்டி இருந்தது. கான்சாஸ் கிணற்றில் குடியேறுவோருக்கு, அவர்கள் அஞ்சுகிற நாள் உண்மையிலேயே வந்தால், இவை இரண்டும் இரா. ஒரு வடிகட்டி பழுதடைந்தால் மாற்று உறுப்பைச் செய்யும் தொழிற்சாலை வெளியேதான் இருக்கும். சேமித்த மாத்திரை தீர்ந்த பிறகு நீரிழிவுக்காரர் என்ன செய்வார்?

காவலைப் பற்றியும் கட்டுரை பெருமையாக எழுதியிருந்தது. அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஒருவர், பெருஞ்செல்வர் ஐவருடன் தாம் நடத்திய உரையாடலைப் பற்றி 2018இல் எழுதினார். பணம் மதிப்பிழந்த பிறகு தங்கள் காவலர்களைத் தங்களுக்கே எதிராகத் திரும்பாமல் வைத்திருப்பது எப்படி என்பதே அவர்கள் அவரிடம் கேட்ட முக்கியமான கேள்வி. காவலர்களிடம் இப்போதே நல்ல முறையில் நடந்துகொள்ளுங்கள், அவர்களுடைய குடும்பங்களையும் உங்கள் குடும்பமாக எண்ணுங்கள் என்பது அவருடைய பதிலின் சாரம். அந்த எண்ணத்தை மதிலுக்கு வெளியேயுள்ள ஊருக்கும் விரிக்கத் தொடங்கினால் மதிலின் தேவையே குறைந்துவிடும் என்பது என் கருத்து.

இந்த மனநிலை புதிதும் அல்ல. 1961 ஜூலை 25 அன்று, பெர்லின் நகரைக் குறித்து அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் முரண்பட்டு நின்ற நெருக்கடியின் நடுவே, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தொலைக்காட்சியில் பேசி, அணுக்கதிர் தூசியிலிருந்து தப்பப் பதுங்குமிடங்கள் தேவை என்று மக்களிடம் வலியுறுத்தினார். அடுத்த சில மாதங்களில் அந்நாட்டில் எழுந்த பெரிய விவாதம் என்ன தெரியுமா? தன் வீட்டுப் பதுங்குமிடத்தின் கதவைத் தட்டும் அயலவனைச் சுடலாமா என்பது. வன்முறையால் அவனைத் தடுப்பது நியாயமே என்று ஒரு கத்தோலிக்கக் குருவானவர் இதழொன்றில் எழுதினார். வேறு சமயத் தலைவர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். குண்டு ஒன்றும் விழவில்லை. ஆனால் அயலவனைச் சுடுவதைப் பற்றி நல்ல மனிதர்கள் நிதானமாக அமர்ந்து வாதிட்டார்கள். தனிப் பதுங்குமிடம் தன்னைக் கட்டுகிறவனுக்குச் செய்யும் முதல் தீங்கு இதுவே.

பதுங்குகுழி என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளவின் மூலையில் ‘ட’ எழுத்தின் வடிவில் வெட்டி, மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அதன்மேல் மண்மூட்டைகளைப் போட்டு மூடுவோம். வாசல் பக்கம் விழும் செல்லின் சிதறல் உள்ளிருப்போரைத் தாக்காதிருப்பதற்கே அந்தத் திருப்பம். பங்கர் நேரடியாக விழும் குண்டைத் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். மாரியில் தண்ணீர் நிரம்பும், பாம்பும் வரும். குற்றிகள் ஒருவர் வளவிலிருந்து வந்திருக்கும், குழியை ஒழுங்கை இளைஞர்கள் சேர்ந்து வெட்டியிருப்பார்கள். விமானத்தின் இரைச்சல் கேட்டதும் வீதியில் சைக்கிளில் போன முன்பின் அறியாதவரும் உள்ளே வந்து குந்துவார். நீ யார் என்று எவரும் கேட்டதில்லை.

அக்குழிகள் எங்களுக்குச் சில நிமிடங்களைத்தான் தந்தன. பொருளாதாரத் தடை நீடித்த ஆண்டுகளில் எங்களை வாழவைத்தவை வேறு. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் கூப்பனுக்கு நிவாரணம் பகிர்ந்தன. மண்ணெண்ணெய் அருமையாக இருந்தபோது ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டு விளக்கு எரிக்கும் முறையை ஒரு வீடு மறு வீட்டுக்குச் சொல்லிக்கொடுத்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். மிதித்தவர் ஒருவர், கேட்டவர்கள் பலர். ஆகவே, பணம் இருந்தால் தப்பலாம் என்ற பொருளில் எங்கள் பத்திரிகை ஒன்றே எழுதியதைப் படித்தபோது மனம் வருந்தினேன்.

சுவரும் கதவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுவிற்சர்லாந்தில் 1963 முதல், அங்கு வாழும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதுகாப்பிடம் என்பது சட்டம். இன்று ஏறத்தாழ 90 இலட்சம் பேருக்கு இடம் உண்டு, வீட்டில் அமைக்காதவர் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். பின்லாந்தில் பெரிய கட்டடம் எழுப்புவோர் பாதுகாப்பறையும் கட்டியாக வேண்டும். ஹெல்சிங்கியில் அவற்றுள் சில வழமையான நாட்களில் நீச்சல் குளமாகவும் விளையாட்டுக் கூடமாகவும் பயன்பட்டு, 72 மணி நேரத்துக்குள் வெறுமையாக்கப்படக்கூடியவையாக இருக்கின்றன. பொது ஏற்பாடு என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது என்பதும் உண்மை. சுவிற்சர்லாந்தின் லூசேர்ன் நகரில் 20,000 பேருக்கென்று சுரங்கப்பாதையில் அமைத்த பாதுகாப்பிடத்தை 1987இல் ஒத்திகை பார்த்தபோது, பென்னம்பெரிய கதவுகளில் ஒன்று சரிவர மூடவில்லை. ஆனால் அது பொதுச் சொத்தாக இருந்ததால் ஒத்திகை நடந்தது, குறை வெளியே தெரிந்தது, பின்னர் அதன் கொள்ளளவு பத்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. விலைக்கு வாங்கிய கிணற்றில் இத்தகைய குறையைக் கேட்டறிய எந்தக் குடிமகனுக்கும் உரிமை இல்லை.

எங்களுக்கு அருகிலேயே இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு உண்டு. 1970 நவம்பரில் இன்றைய பங்களாதேசத்தின் கரையைத் தாக்கிய சூறாவளியில் குறைந்தது மூன்று இலட்சம் பேர் மாண்டார்கள். அதன் பின் கிராமம் கிராமமாகத் தொண்டர்கள் பயிற்றப்பட்டார்கள். ஒலிபெருக்கியோடு வீடு வீடாகச் சென்று எச்சரிப்பது அவர்கள் பணி. தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய கட்டடங்கள் மற்ற நாட்களில் பள்ளிகளாக இயங்கின. 2007இல் சிடர் என்ற கடும் சூறாவளி வந்தபோது இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400 பேர். அதுவும் பேரிழப்பே, ஆயினும் இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கக் கேட்கிறேன்.

2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவில் நிலம் நடுங்கியதற்கும் எங்கள் கிழக்குக் கரையை அலை தொட்டதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் கரைக்கு ஒரு செய்தியும் வரவில்லை. எனவே தங்கள் நிருபர்கள் அடுத்ததாக முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரையுள்ள கரையோரப் பாடசாலைகளுக்குச் சென்று பார்க்க வேண்டுகிறேன். எத்தனை பாடசாலைகளில் மேல்மாடி உண்டு, அங்கே குடிநீர்த் தாங்கி உண்டா, இரவில் எச்சரிக்கை வந்தால் மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கும், நடக்க முடியாத முதியவரைத் தூக்கிச்செல்ல யார் பொறுப்பு என்பவற்றை ஊர்ப் பெயரோடு விசாரித்து, கான்சாஸ் கிணற்றுக்குத் தாங்கள் ஒதுக்கிய அதே அளவு இடத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வடமராட்சி வாசகர் ஒருவர்