மூன்றாவது முறை வெட்டுவதற்கு முன்: யூராலஜி மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய யூராலஜி மருத்துவர்களுக்கு,

வணக்கம். சிறுநீர்ப் பாதைச் சுருக்கத்தோடு, அதாவது சிறுநீர் வெளியேறும் குழாய் தழும்பால் குறுகிப்போன நோயோடு, பல ஆண்டுகளாகக் காலம் தள்ளும் ஆண்களில் ஒருவன் எழுதுகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். குழாய்க்குள் கருவியை விட்டு விரித்தோ வெட்டியோ விட்ட சுருக்கம் திரும்பி வந்துவிட்டால், மறுபடி அதே சிகிச்சைக்குத் தேதி கொடுப்பதற்கு முன், வேறு என்னென்ன வழி இருக்கிறது என்று எங்களை உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ மெஷினின் புனல் முன்னால் நின்று முக்கி முக்கிப் போன பிறகு வெளியே வரும் காகிதத்தை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். நன்றாகப் போகிறவருக்குக் கோடு விறுவிறுவென்று ஏறி இறங்கிவிடும். எங்களுக்குக் கொஞ்சம் ஏறி, அப்படியே படுத்து, நீண்டுகொண்டே போகும். அதைப் பார்த்ததும் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அடைப்பு திரும்பிருச்சு, இன்னொரு தடவை உள்ள விட்டு வெட்டிவிட்டுரலாம்." நாங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். இந்த வியாதியைப் பற்றிக் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கக் கூச்சம். பஸ் ஏறுவதற்கு முன் தண்ணீர் குடிப்பதில்லை என்பதையே வீட்டில் சொல்லாதவர்கள் எங்களில் எத்தனையோ பேர்.

தென்னாப்பிரிக்காவில் ஹெய்ன்ஸும் அவருடைய சக மருத்துவர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குப் புதிதல்ல. சில மாதங்களிலேயே சுருக்கம் திரும்பியவர்களுக்கு மூன்றாவது முறை விரித்தோ வெட்டியோ விட்டார்கள். 24 மாதம் கழித்துப் பார்த்தபோது, சுருக்கம் இல்லாமல் இருந்தவர் என்று யாரும் இல்லை. முதல் முறையே தவறிப்போன முன்புறச் சுருக்கத்துக்கு (குழாயின் வெளிப்பக்கப் பகுதியில் வருவது), திரும்பத் திரும்ப வெட்டுவதை விட, குழாயையே சீரமைக்கும் திறந்த அறுவையான யூரித்ரோபிளாஸ்டியை முன்வையுங்கள் என்று அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் 2016-லேயே சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் நான்காவது, ஐந்தாவது முறை வெட்டிக்கொண்டவர்களை ஓ.பி. வரிசையில் பார்க்கிறேன். ஒவ்வொரு வெட்டும் ஒரு புதுக் காயம். அது ஆறும்போது தழும்பு இன்னும் நீளலாம், பிற்பாடு செய்யவேண்டிய பெரிய அறுவையும் சிக்கலாகலாம். இதை எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இப்போது மருந்து பூசிய பலூன் வந்திருக்கிறது. சுருக்கத்தை முதலில் விரித்துவிட்டு, பாக்ளிடாக்சல் பூசிய பலூனை அந்த இடத்தில் வைத்து, குறைந்தது 5 நிமிடம் ஊதி வைத்திருக்கிறார்கள். புற்றுநோய்க்கும், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கும் பழக்கமான அதே மருந்துதான். விரிந்த இடத்தில் தழும்புத் திசு மறுபடி பெருகி வளர்வதை அது தடுக்கப் பார்க்கிறது. பழைய விரிப்பு முறைகளில் இல்லாதது இதுதான்: பாதையைத் திறந்துவிடுவதோடு நில்லாமல், அது ஏன் மூடிக்கொள்கிறதோ அந்தக் காரணத்தின் மேலேயே கை வைக்கிறது.

ஆப்டிலூம் என்ற இந்த பலூனுக்கு 2021 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 127 பேரை வைத்து நடந்த ரோபஸ்ட் 3 ஆய்வில், ஓராண்டு வரை மறு சிகிச்சை தேவைப்படாதவர்கள் பலூன் பிரிவில் சுமார் 83 சதவீதம். வழக்கம்போல் உள்ளே விட்டு விரித்தோ வெட்டியோ சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 22 சதவீதம்தான். படித்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது உண்மை.

ஆனால் இதை மந்திரக்கோல் மாதிரி எங்களிடம் விற்றுவிடாதீர்கள் என்றும் சேர்த்தே கேட்கிறேன். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவை 3 சென்டிமீட்டருக்கு மேல் போகாத முன்புறச் சுருக்கங்கள். லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே யூரித்ரோபிளாஸ்டி செய்துகொண்டவர்கள், சிறுநீர்த் துளை இடம் மாறியிருக்கும் ஹைப்போஸ்பேடியாஸ் என்ற பிறவிக் குறைக்காக அறுவை செய்துகொண்டவர்கள் அதில் இல்லை. ஆய்வுக்குப் பணம் போட்டது பலூனைத் தயாரித்த நிறுவனம். நீளமான சுருக்கம் உள்ள ஒருவரிடம் அந்த 83 சதவீதத்தைச் சொல்லி நம்பவைப்பது நியாயமில்லை. மருந்து விந்துவிலும் கலந்து வரும் என்பதால், மனைவி கருத்தரிக்கும் வயதில் இருந்தால் 6 மாதம் கருத்தடை அவசியம். பைக் விபத்தில் அடிபட்டு இந்த நோயோடு வரும் இளைஞர்கள் பலருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கும். அவர்களிடம் இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது.

வாயின் உட்புறத் தோலை எடுத்து வைத்துத் தைக்கும் யூரித்ரோபிளாஸ்டியில் நம் நாட்டுக்கே பெயர் இருக்கிறது. புனேயின் டாக்டர் சஞ்சய் குல்கர்னி வகுத்த முறையை வெளிநாட்டு மருத்துவர்களும் கையாள்கிறார்கள். சென்னையிலும் மதுரையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யூராலஜி துறை இருக்கிறது. உங்களுக்கு அந்த அறுவையில் கைப்பழக்கம் இல்லையென்றால், தயங்காமல் செய்கிறவரிடம் எழுதி அனுப்புங்கள். உங்கள் மேல் எங்களுக்கு மரியாதை கூடத்தான் செய்யும்.

இன்னொன்று, பலூனோடு நேரடியாகச் சம்பந்தமில்லாதது. வேறு ஏதோ ஆபரேஷனுக்குப் போய், அவசரத்தில் போட்ட கத்தீட்டரால் (சிறுநீர் வடிக்கும் ரப்பர் குழாய்) இந்த நோயை வாங்கி வந்தவர்கள் எங்களில் நிறைய. சிறுநீர் வருகிறதா என்று பார்க்காமல் கத்தீட்டர் நழுவாமலிருக்க அதன் நுனியில் உள்ள சிறு பலூனை ஊதக் கூடாது என்பதை வார்டில் இருக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

சுருக்கம் திரும்பி வந்தவரிடம் சிறுநீர்க் குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் ஆர்.ஜி.யு. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள். எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர் என்று விரலால் தொட்டுச் சொல்லுங்கள். வெட்டு, பலூன், யூரித்ரோபிளாஸ்டி மூன்றுக்கும் ஆகும் செலவையும், இந்த நீளத்துக்கு எது எத்தனை காலம் தாங்கும் என்பதையும் ஓ.பி. சீட்டிலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படித்துவிட்டு, அடுத்த வாரம் வந்து முடிவைச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஓ.பி. வரிசையில் நிற்கும் ஒருவன்