போர்ட்டைக் குறைசொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய 486 கணினியில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் தப்புத் தப்பாக அடிக்கிறது என்று கேட்ட வாசகருக்குச் சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் தந்த பதிலைப் படித்தேன். "கணினி ஓடும்போதே கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். சரியாகாவிட்டால் பேரலல் போர்ட் போய்விட்டது, போர்டை மாற்றிவிடுங்கள்" என்கிறது அது. (பேரலல் போர்ட் என்பது கணினியின் பின்னால் பிரிண்டர் கேபிளை மாட்டும் 25 துளை இணைப்பு.) நல்ல போர்ட்டையும் சாகடிக்கிற வழி அந்த முதல் யோசனைதான்.

எர்த் இல்லாத பாயிண்டில் செருகிய கணினியின் உலோக உடம்பில், பவர் சப்ளைக்குள் உள்ள ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாக 230 வோல்ட்டில் பாதி வரை ஏறி நிற்கும். தொட்டால் சுரீர் என்பது அதனால்தான். மின்னோட்டம் சொற்பம், ஆனால் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும், 5 வோல்ட்டுக்குச் செய்த ஐசி (சில்லு) சாக அது போதும். கிரவுண்டுக்கு முன்னால் டேட்டா பின் தொட்டுவிட்டால் கதை முடிந்தது. கணினி, பிரிண்டர் இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் கேபிளைத் தொட வேண்டும். இரண்டின் ப்ளக்கும் எர்த் உள்ள ஒரே பலகையில் இருக்கட்டும்.

அடுத்து, பிரிண்டரைத் தனியே விசாரிக்க வேண்டும். எப்சன் எல்எக்ஸ்-800 என்றால் கேபிள் இல்லாமல், லைன் ஃபீட் பொத்தானை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் தன் எழுத்துகளைத் தானே அடித்துக் காட்டும். அது ஒழுங்காக வந்தால் ஹெட், ரிப்பன், மோட்டார் மூன்றும் நலம்.

இனி, தப்பாக வந்த எழுத்தையே உற்றுப் பாருங்கள். கேபிளில் எந்தக் கம்பி பழுது என்று அதுவே சொல்லிவிடும். ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகத்தான் பிரிண்டருக்குப் போகிறது. போர்ட்டின் 2 முதல் 9 வரையுள்ள துளைகள் முறையே 1, 2, 4, 8, 16, 32, 64, 128 ஆகிய மதிப்புகளைச் சுமக்கின்றன; 1 என்று நிற்கும் துளைகளின் மதிப்பைக் கூட்டினால் அந்த எண். கேபிளில் ஒரு கம்பி அறுந்தால் பிரிண்டர் அந்த இடத்தைப் பெரும்பாலும் 1 என்றே படிக்கும். 2ஆம் கம்பி அறுந்திருந்தால் இடைவெளிக்கு உரிய 32 என்ற எண் 33 ஆகி, சொற்களுக்கு நடுவே ஆச்சரியக்குறிகள் முளைக்கும். பில்லில் 0 எல்லாம் 1, 8 எல்லாம் 9. 3ஆம் கம்பி என்றால் ஆங்கிலத்தில் டி-ஏ-எம்-ஐ-எல் (TAMIL) என்று அனுப்பியது வி-சி-ஓ-கே-என் (VCOKN) என்று வரும். கூடவே வரி முடிவைக் குறிக்கும் 13, 15 ஆகிவிடும். எப்சன் கட்டளைகளை ஏற்கும் பிரிண்டர்களுக்கு 15 என்றால் எழுத்தைக் குறுக்கச் சொல்வது, அதனால் இரண்டாம் வரியிலிருந்து எழுத்து சிறுத்துவிடும். மாறாக, கம்பி கிரவுண்டோடு ஒட்டினாலோ ஐசியின் வெளியீடு கீழேயே நின்றுவிட்டாலோ அந்த இடம் எப்போதும் 0. 2ஆம் துளைக்கு இது நேர்ந்தால் 1357 என்பது 0246 என்று அச்சாகும். கடைக்காரர் பாவம், பில் போட்ட பையனைத்தான் திட்டுவார்.

கேபிளை மல்டிமீட்டரில் கண்டினியூட்டி (கம்பி அறாமல் இருக்கிறதா என்ற சோதனை) வைத்துப் பாருங்கள், முனையில் ஆட்டிக்கொண்டே. 1 முதல் 14 வரை இரு பக்கமும் ஒரே எண். அதற்கு மேல், கணினிப் பக்கத்து 25-பின் முனையின் 15, 16, 17 ஆகியவை பிரிண்டர் பக்கத்து 36-பின் முனையில் 32, 31, 36க்குப் போகும். இது தெரியாமல் நல்ல கேபிளைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. 2 மீட்டருக்கு மேல் நீளும் மலிவு கேபிளில் எழுத்து இரட்டிப்பதும் விழுங்கப்படுவதும் சகஜம்.

கேபிளும் சரி என்றால் டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) உள்ள டீபக் நிரலுக்குப் போகலாம். போர்ட்டில் நேரடியாக எழுதவும் படிக்கவும் அது உதவும். அதில் எண்களெல்லாம் 16-அடிமானத்தில் இருக்கும், 9க்குப் பின் ஏ முதல் எஃப் வரை (A-F) வரும். ஃப்ளாப்பியில் பூட் செய்த சுத்தமான டாஸ் வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியின் கறுப்புத் திரையில் வரும் எண்களை நம்ப முடியாது. "டி 40:8 எல் 6" (d 40:8 l 6) என்று ஆங்கில எழுத்துகளில் அடித்தால் பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் உள் நிரல்) கண்டுபிடித்த போர்ட்டுகளின் முகவரி வரும். 78 03 என்றால் 378, பைட்டுகள் தலைகீழாக நிற்கும். ஹெர்குலிஸ் கார்டு (பிரிண்டர் போர்ட்டும் சேர்ந்த பழைய திரைக் கார்டு) உள்ள கணினியில் முதலில் பிசி 03 (BC 03) நிற்கும், அதாவது எல்பிடி1 எனும் முதல் பிரிண்டர் போர்ட் அந்தக் கார்டின் போர்ட். ஐஓ கார்டில் (பிரிண்டர் போர்ட் உள்ள தனிக் கார்டு) செருகிய பிரிண்டர் எல்பிடி2 ஆகிவிட்டிருக்கும், நிரலோ எல்பிடி1க்கே அனுப்பிக்கொண்டிருக்கும். எல்லாமே 00 என்றால் கார்டின் ஜம்பரைப் (அமைப்பை மாற்றும் சிறு இணைப்பு மூடி) பாருங்கள். பயாஸ் ஓர் எண்ணை எழுதி, அதையே திரும்பப் படிக்க முடிந்தால்தான் போர்ட்டைப் பட்டியலில் சேர்க்கும். எனவே டேட்டா ஐசி செத்தாலும் 00தான்.

பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு "ஓ 378 55" (o 378 55) என்று எழுதி, "ஐ 378" (i 378) என்று படியுங்கள். 55 வர வேண்டும். அப்போது 25ஆம் துளையைக் கிரவுண்டாக வைத்து அளந்தால் 2, 4, 6, 8இல் 2.4 வோல்ட்டுக்கு மேலும் 3, 5, 7, 9இல் அரை வோல்ட்டுக்குள்ளும் காட்டும். 55க்குப் பதில் ஏஏ (AA) எழுதினால் இது அப்படியே தலைகீழாக மாறும். இரண்டுங்கெட்டானாக ஒன்றரை வோல்ட்டில் நிற்கும் துளைதான் குற்றவாளி.

டேட்டா சரியாக இருந்தும் அச்சாகவில்லை என்றால், 'எழுத்தை எடுத்துக்கொள்' என்று 1ஆம் துளையில் பிரிண்டருக்குப் போகும் சைகையான ஸ்ட்ரோப்பைச் சோதிக்க வேண்டும். அதை இயக்கும் முகவரி 37ஏ. கேபிளை மாட்டி, "ஓ 378 41" (o 378 41), "ஓ 37ஏ 0டி" (o 37A 0D), "ஓ 37ஏ 0சி" (o 37A 0C) என்று மூன்று வரி அடித்தால் பிரிண்டருக்கு ஒரே ஒரு 'ஏ' எழுத்து போகும். 41க்குப் பதில் 0டி (வரி முடிவைக் குறிக்கும் 13) போட்டு அதே மூன்றையும் மறுபடி அடித்தால் அது தாளில் விழும். விழவில்லையென்றால் 0சிக்கு 1ஆம் துளை மேலே, 0டிக்குக் கீழே போகிறதா என்று அளக்கலாம்.

அச்சு வராவிட்டால், ஐஆர்க்யூ 7ஐச் (போர்ட் ப்ராசசரைக் கூப்பிடும் குறுக்கீட்டு இணைப்பு) சவுண்ட் கார்டு பிடித்துக்கொண்டது என்று சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. டாஸ் அச்சடிக்க ஐஆர்க்யூவைப் பயன்படுத்துவதே இல்லை. போர்ட் ஈசிபி என்ற வேக முறையில் இருந்தால் அதை நார்மலுக்கு மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமுண்டு.

தனித்தனி ஐசி உள்ள கார்டில் டேட்டா வெளியீடு பெரும்பாலும் 74எல்எஸ்374. கால்களை வெட்டி ஒவ்வொன்றாக எடுத்து, 20 கால் சாக்கெட் சால்டர் செய்து, வெட்டுக்குறியின் திசை பார்த்துப் புதியதைச் செருகினால் போதும். எல்லாம் ஒரே ஐசிக்குள் அடங்கிய கார்டு என்றால் அந்தப் போர்ட்டை ஜம்பரில் முடக்கிவிட்டு இன்னொரு ஐஎஸ்ஏ கார்டை (பழைய கணினிகளின் ஸ்லாட்டில் செருகும் கார்டு) போடலாம். யுஎஸ்பி மாற்றிகள் இதற்கு உதவாது. 378இல் நேரடியாக எழுதும் பழைய பில்லிங் நிரலின் கண்ணுக்கு அவை தெரியவே தெரியாது.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு