தவக்காலம்: யாங்கூன் தமிழ்க் குழுவினருக்கு

அண்ணன்மார், அக்காமார், பிள்ளைகள் எல்லாருக்கும் தோத்திரம்.

தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதன் வருகிறது. வீட்டுச் சிலுவைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் போன வருடக் குருத்தோலைகளை இந்த ஞாயிறு பூசைக்கே கொண்டுவந்துவிடுங்கள். அதை எரித்துத்தான் அன்று நெற்றியில் பூசும் சாம்பலை எடுக்க வேண்டும்.

திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு, 18 முதல் 59 வயது வரை. சுத்தபோசனம், அதாவது இறைச்சியை விடுவது, 14 வயதிலிருந்தே உண்டு, தவக்கால வெள்ளிகள் எல்லாவற்றிலும். மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மொய்ங்கா சாப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மீன்தானே, தாராளமாகச் சாப்பிடலாம். கோழி போட்ட கவ்ஸ்வே நூடுல்ஸ் கூடாது. சரி, கறியை விட்டாயிற்று; சண்டை போட்ட தம்பி வீட்டுப் படியை மட்டும் மிதிக்க மாட்டேன் என்றால் அது என்ன தவம்?

குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் வெள்ளி மாலை, சிலுவைப் பாதை முடிந்ததும். தமிழோ பர்மியோ, பிள்ளைகளுக்கு எது வாயில் வருகிறதோ அதில் சொல்லட்டும். முந்தின இரவே கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஆன்ம சோதனை செய்யுங்கள். "பொய் சொன்னேன், கோபப்பட்டேன்" என்று ஒப்பிக்காமல், யாரிடம், எதற்காக என்று யோசியுங்கள். கடையில் எடை குறைத்ததா? வாங்கிய கடனை இழுத்தடிப்பதா? அதைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்துவிட்டு வரிசைக்கு வாருங்கள்.

பெரிய வாரம் வரை தள்ளிப் போட வேண்டாம், கூட்டம் தாங்காது.