நிஸ்வாவிலிருந்து அப்பாவுக்கு

நிஸ்வா, ஓமன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தம்பிக்கு விசா வந்துவிட்டது என்று கேட்டதில் ரொம்ப சந்தோஷம். அவன் வேலை பார்க்கப் போவது பாத்தினா பக்கம், கடலோரச் சமவெளி. வண்டி ஓட்டும் வேலை என்பதால் அவனுக்குச் சில விஷயங்களை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் அம்மா பாதியிலேயே பயந்துவிடுவார்கள், அதனால்தான் கடிதம். ஆறே இல்லாத ஊரில் பேரீச்சைத் தோப்புக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்டதற்கும் இதிலேயே பதில் எழுதிவிடுகிறேன். தோப்பை வாழ வைப்பதும் வண்டியை அடித்துக்கொண்டு போவதும் ஒரே மலையிலிருந்து வரும் தண்ணீர்தான்.

ஓமனில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் பெரிய ஆறு கிடையாது. வருஷத்து மழை நாட்டுச் சராசரியில் 100 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் வடக்கே ஹஜர் என்று ஒரு மலைத்தொடர் கடலோரத்தை ஒட்டியே வில்லாக வளைந்து கிடக்கிறது. அதில் ஜபல் ஷம்ஸ் சிகரம் 3000 மீட்டர் உயரம் இருக்கும். மேகம் அங்கேதான் மோதுகிறது, மழையும் அங்கேதான் பெய்கிறது. அந்தத் தண்ணீர் இறங்கி வரும் வறண்ட ஆற்றுப்படுகையை வாதி என்கிறார்கள். பெரும்பாலான நாள் அதில் கூழாங்கல்லும் கருவேல மரமும் ஆடும்தான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது ஆறு என்றே தோன்றாது.

மலையின் வடக்குச் சரிவில் இறங்கும் வாதிகள் பாத்தினா சமவெளியைக் கடந்து கடலை நோக்கிப் போகின்றன. தெற்குச் சரிவில் இறங்குகிறவை பாலைவனத்துக்குள் போகின்றன. நான் இருக்கும் நிஸ்வா தெற்குப் பக்கம். கல்பூ, அப்யத் என்ற இரண்டு வாதிகள் கூடும் இடம். மஸ்கட்டிலிருந்து இங்கே வரும் நெடுஞ்சாலைகூட சமாயில் வாதியை ஒட்டித்தான் மலையைத் தாண்டுகிறது. பாலைவனத்துக்குள் போகிறவற்றில் பல கடலைப் பார்ப்பதே இல்லை. நம் வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நின்றுவிடுவது மாதிரி, மேற்கே திரும்பும் வாதிகள் உம் அல் சமீம் என்ற உப்புச் சதுப்பில் போய் அடங்கிவிடுகின்றன. ஆனால் அது கண்மாய் இல்லை. அந்தத் தண்ணீரால் யாருக்கும் பயன் இல்லை. வெயிலில் வற்றி உப்பாகிவிடும்.

அதனால் தண்ணீர் பாலைவனத்துக்குப் போவதற்குள் பிடித்தாக வேண்டும். இந்த மக்கள் அதை மண்ணுக்கு அடியில் பிடித்தார்கள். மலையடிவாரத்தில் கூழாங்கல் படிவு ஆழமாக இருக்கிறது. வெள்ளத்தில் ஒரு பங்கு அதில் இறங்கித் தங்கிவிடும். அங்கே ஒரு தாய்க்கிணறு தோண்டி, நீர்மட்டத்திலிருந்து ஊரை நோக்கி மெல்லச் சரியும் சுரங்கம் வெட்டுகிறார்கள். சில இடங்களில் அது பல கிலோமீட்டர் நீளம். மண்ணை வெளியே எடுக்கவும், பிற்பாடு தூர் வாரவும் வழிநெடுக ஆட்கள் இறங்கும் குழிகள் இருக்கும். மோட்டார் வேண்டாம், ஏற்றம் வேண்டாம். ஊர் வரும்போது தண்ணீர் தானாகத் தரைக்கு வந்து கால்வாயில் ஓடும். இதுதான் ஃபலஜ். இன்னும் ஏறத்தாழ 3000 ஃபலஜ்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2006இல் யுனெஸ்கோ இவற்றில் ஐந்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் நிஸ்வாவின் தாரிஸ் அதில் ஒன்று. வெள்ளிக்கிழமை கடை லீவு என்றால் நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். தெளிந்த தண்ணீர், நல்ல வேகம்.

கடைக்கு சிமெண்ட் வாங்க வரும் ஒரு பெரியவர் பக்கத்தில் பிர்கத் அல் மவ்ஸ் ஊர்க்காரர். அவர் தங்கள் ஊர் ஃபலஜுக்கு என்னைக் கூட்டிப்போனார். அதன் பெயர் கத்மைன், அதுவும் அந்த ஐந்தில் ஒன்று. ஓரிடத்தில் தண்ணீர் மூன்று கால்வாயாகப் பிரிகிறது, மூன்றிலும் சரிசமமாக. அதைப் பார்த்தபோது உங்களைத்தான் நினைத்தேன் அப்பா. மடையில் ஒரு பலகையைக் கூட்டிக் குறைத்ததற்கு நம் ஊரில் எத்தனை பஞ்சாயத்து!

பங்கு வைக்கும் முறையை அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஃபலஜ் ஊருக்குள் நுழைகிற இடத்தில் குடிக்க எடுப்பதற்கு யாருக்கும் தடையில்லை, வழிப்போக்கனுக்கும் உண்டு. அதற்குக் கீழே குளிக்கும் இடம், பள்ளிவாசல். அப்புறம்தான் தோப்பு. தோப்பில் தண்ணீரை நேரத்தால் பங்கிடுகிறார்கள். அரை மணி நேர ஓட்டம் ஓர் அதர். ஒருவருக்கு இரண்டு அதர் இருக்கும், இன்னொருவருக்கு அரை அதர் இருக்கும். முறை சுற்றி வர ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். கடிகாரம் வருவதற்கு முன் பகலில் நட்ட குச்சியின் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து முறையை மாற்றியிருக்கிறார்கள். மேற்பார்வைக்கு வக்கீல் என்று ஒருவர் (நம் ஊர் கோர்ட்டு வக்கீல் இல்லை, ஃபலஜின் பொறுப்பாளர்), அவருக்குக் கீழே அரீஃப் என்ற நீர்பாய்ச்சி, கணக்கு எழுதத் தனியாக ஒருவர். ஃபலஜுக்கென்றே சில பங்குகள் உண்டு. அவற்றை ஏலம் விட்டு வரும் பணத்தில் தூர் வாருகிறார்கள்.

மழை பொய்த்த வருஷத்தில் என்ன செய்வார்கள் என்றும் கேட்டேன். தோப்பு மேலே, பருவப்பயிர் நிலம் கீழே என்றுதான் முதலிலேயே அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் கோதுமை, குதிரைமசால் போடும் நிலத்தைத் தரிசாக விட்டுவிடுவார்கள், பேரீச்சைக்கு விடுவார்கள். ஆண்டுக்கணக்கில் வளர்த்த மரத்தைச் சாக விடக் கூடாது என்பது ஊர்த் தீர்மானம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. சுரங்கம் வெட்டியது சாமர்த்தியம்தான், ஆனால் பற்றாக்குறைக் காலத்தில் யார் விட்டுக்கொடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்ததால்தான் நூற்றாண்டுகளாக இது நிற்கிறது.

பாத்தினா பக்கம் கதை வேறு. அங்கே கிணறுகள் அதிகம். மோட்டார் வந்தபின் அளவில்லாமல் இறைத்ததில் நன்னீர் மட்டம் இறங்கி, கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. கடலோரத்தில் பல தோப்புகள் உப்பால் காய்ந்துவிட்டன. நம் கடலோரக் கிராமங்களில் பார்த்த அதே துயரம்தான். அதற்காக அரசு வாதிகளின் குறுக்கே அணை கட்டுகிறது. தேக்கி வைப்பதற்கு இல்லை. வெள்ளத்தை நிறுத்தி, வண்டலைப் படிய விட்டு, தெளிந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே திறந்து மண்ணுக்குள் இறங்க வைப்பதற்கு. மஸ்கட் பக்கத்தில் அல் கூத் அணை 1985இலேயே கட்டியது. தண்ணீரைத் தேக்கி வைக்கவே குரியாத் என்ற ஊரில் வாதி தைக்கா என்ற பெரிய அணையும் இருக்கிறது, அது 2012இல் முடிந்தது. 10 கோடி கன மீட்டர் பிடிக்கும்.

இனி தம்பிக்கு. இந்தப் பகுதியை அவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

டேய், மலை முழுக்க வெறும் பாறை. மண் இல்லை, புல் இல்லை. பெய்த மழை நிற்காமல் சரிந்து ஓடி வரும். மலையில் இடி இடித்தால், நீ நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வாதியில் வெள்ளம் வந்துவிடும். சாலை பல இடங்களில் பாலம் இல்லாமல் வாதிக்குள் இறங்கி ஏறும். அங்கே ஆழம் காட்டக் கம்பம் நட்டிருப்பார்கள். தண்ணீர் ஓடினால் வண்டியை மேட்டில் நிறுத்து. முன்னால் போகும் பெரிய வண்டி கடந்துவிட்டது என்று நீ இறங்காதே. முழங்கால் அளவு தண்ணீரே காரை நகர்த்திவிடும். அடியில் சாலை அறுந்து போயிருந்தாலும் மேலேயிருந்து தெரியாது. ஓடுகிற வாதியில் வண்டியை இறக்கினால் சட்டப்படி அபராதம் உண்டு, சிறையும் உண்டு. முதலாளி அவசரப்படுத்தினால் இதைச் சொல். வாதிக்குள் வண்டியை நிறுத்தி நிழலில் தூங்குவதும் வேண்டாம்.

2007 ஜூனில் கோனு புயலில் இங்கே ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். 2021 அக்டோபரில் ஷாஹீன் புயல் நீ போகும் பாத்தினாவில்தான் கரை கடந்தது. புயல் வேண்டும் என்பதுகூட இல்லை. 2024 ஏப்ரலில் ஒரு மழைநாளில் சமத் அல் ஷான் என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகள் போன வண்டியை வாதி அடித்துக்கொண்டு போனது. அன்று நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை. வானிலை எச்சரிக்கை போனுக்கு வரும், அதைப் படிக்காமல் வண்டியை எடுக்காதே.

அப்பா, அம்மாவிடம் இதில் பாதியைச் சொன்னால் போதும். தம்பி கிளம்பும்போது ஒரு கிலோ புளியும் அம்மா அரைத்த குழம்புப் பொடியும் கொடுத்து விடுங்கள். அவன் வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை நிஸ்வாவுக்குக் கூட்டி வந்து ஃபலஜையும் வாதியையும் நேரிலேயே காட்டுகிறேன். நம் கண்மாயில் இந்தத் தடவை கலுங்கு வரைக்கும் தண்ணீர் ஏறியதா, குடிமராமத்து வேலை முடிந்ததா என்று எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்